இந்தச் சொட்டு நீருக்கு மானியம் உண்டா? (அம்மாவின் கீமோ நாட்கள்: கேள்வி பதில்)

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைங்க நிறைய பேர், அம்மாவுக்கு கேன்சர் சிகிச்சை நடக்கும்போது வீட்டில் எப்படி இருக்கணும்னு கேட்டிருந்தீங்க. நான் 12 வருஷமா கீமோ (கேன்சருக்கு மருந்து ஏத்துற) வார்டில் நர்ஸ். நடுவில் என் அம்மாவுக்கே மார்பில் கட்டி வந்தது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி நட்டுப் பழகின கை, என் வார்டிலேயே ஆறு தடவை ஊசிக்கு நீண்டது. மருந்தைப் பத்தி உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு. மத்ததை நான் சொல்றேன்.

பென்னாகரத்திலிருந்து ஒரு மகள்: "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லாத, சாதாரணக் கட்டின்னு சொல்லு"ங்கறார் அப்பா. அம்மா முன்னாடி எல்லாரும் சிரிச்சுப் பேசுறோம், வெளியே வந்து அழறோம். இது சரியா அக்கா?

சரியில்லை கண்ணு. ஆஸ்பத்திரி வாசல் போர்டிலேயே கேன்சர்னு எழுதியிருக்கும். பக்கத்துக் கட்டில்காரங்க முதல் நாளே "உங்களுக்கு எந்த இடத்துல?"ன்னு கேப்பாங்க. எங்க வார்டில் ஒரு அம்மா மூணு சைக்கிள் (மருந்து ஏத்துற சுற்று) முடிஞ்ச பிறகு என் கையைப் பிடிச்சுச் சொன்னாங்க: "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். புள்ளைங்க தாங்கமாட்டாங்கன்னு தெரியாத மாதிரி இருக்கேன்." வெளியே அந்தப் பிள்ளைங்க அதையே அம்மாவைப் பத்திச் சொல்லிட்டு நின்னாங்க.

அப்பாவை எதிர்த்துக்கிட்டுப் போய்ப் போட்டு உடைக்க வேண்டாம். "உனக்கு எல்லாம் தெரிஞ்சுக்கணுமாம்மா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுமா?"ன்னு கேளுங்க. தெரிஞ்சுக்கணும்னா டாக்டரையே சொல்லச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல உக்காந்துக்கங்க. உண்மை தெரிஞ்ச பிறகு வீட்டில் வர்ற சிரிப்பு வேற மாதிரி இருக்கும். அதுக்கு யாரும் வெளியே போய் அழ வேண்டியிருக்காது.

காவேரிப்பட்டணம்: அம்மாவுக்கு முடி கொட்டிடுச்சு. தம்பி விளையாட்டா "மொட்டை பாஸ்"னு கூப்பிட்டான். அன்னைக்கெல்லாம் அம்மா பேசவே இல்லை. அப்ப சிரிக்கவே கூடாதா?

சிரிக்கலாம். ஆனா நோயைப் பத்தின முதல் கேலி அம்மா வாயிலிருந்து வரட்டும், நீங்க பின்னாடி போங்க. அம்மா எதைக் கேலி பண்றாங்களோ அதோட நிறுத்திக்கங்க. கையை, வாந்தியைக் கேலி பண்ணினவங்க முடியைப் பத்தி வாயே திறக்கலைன்னா, முடி அவங்களுக்கு இன்னும் வலிக்குதுன்னு அர்த்தம்.

என் அம்மா ரெண்டாவது சைக்கிளில், டிரிப்ஸ் சொட்டுறதையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாங்க. "நம்ம தக்காளிக் காட்டுக்குப் போட்ட சொட்டு நீர் மாதிரியே இருக்குடி. அதுக்கு கவர்மெண்டு மானியம் தந்துச்சு. இதுக்கு உண்டா?" அந்த ஹால்ல பத்துப் பன்னெண்டு பேர் ஊசியோட உக்காந்திருந்தாங்க, அத்தனை பேரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டில் கீமோவுக்குப் பேரே "தண்ணி பாய்ச்சுறது"தான். "நாளைக்குத் தண்ணி பாய்ச்சணும்"னு அம்மா சொல்லும்போது அந்த நாளோட பயத்துல பாதி குறைஞ்சிருக்கும். நாங்க யாரும் வச்ச பேர் இல்லை அது.

தம்பியைத் திட்டாதீங்க. போய் "மன்னிச்சிடும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. பொதுவா முதல் ஊசி போட்டு ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்ட ஆரம்பிக்கும், சிகிச்சை முடிஞ்சு சில மாசத்துல திரும்ப வளரும். தலையணையில கொத்துக் கொத்தா பாக்குறதுதான் கொடுமை. இனிமே கீமோ ஆரம்பிக்கறவங்க, அதுக்கு முன்னாடியே குட்டையா வெட்டிக்கலாமான்னு அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. வெட்டுற நாள் மகள் கூட இருக்கணும்.

அரூர்: ஊசி போட்டதும் சிறுநீர் சிவப்பா போகுது. ரத்தமா?

சிவப்பு மருந்து (டாக்ஸோரூபிசின்) போட்டிருந்தா ஒன்னு ரெண்டு நாள் அப்படித்தான் போகும், மருந்தோட நிறம் அது. அதுக்கு மேலயும் போனாலோ, எரிச்சல் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க.

தேன்கனிக்கோட்டை: ஊர் உள்ளடங்கி இருக்கு. ராத்திரி காய்ச்சல் வந்தா காலைல பாத்துக்கலாமா?

கூடாது. இதை மட்டும் எல்லாரும் மனசுல வச்சுக்கங்க. ஊசி போட்டு ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள்ள வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறையும். அப்ப 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம், நடு ராத்திரியா இருந்தாலும் கிளம்பணும். பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைச்சிட்டுக் காத்திருக்காதீங்க. போனதும் முதல் வார்த்தையா "கீமோ நடக்குது, இத்தனாம் தேதி ஊசி போட்டது"ன்னு சொல்லுங்க. தெர்மாமீட்டர், கீமோ ஃபைல், வண்டிக்காரர் நம்பர் மூணும் ஒரே பையில, கதவுப் பக்கம் தொங்கட்டும்.

பாப்பிரெட்டிப்பட்டி: அம்மாவுக்குக் களி இல்லாம ஒரு நாளும் போகாது. கொடுக்கலாமா? பழைய சோறு கேக்குறாங்க.

சுடச்சுடக் கிண்டின கேழ்வரகுக் களி தாராளமா கொடுங்க. வாயில புண் இருந்தா களியை இளக்கிக் கூழாக்கி, காரம் இல்லாத பருப்புக் கடைசலோட கொடுங்க. பழைய சோறும் ராத்திரி முழுக்கப் புளிக்க வச்ச கூழும் சிகிச்சை முடியட்டும். அணுக்கள் குறைஞ்சிருக்கும்போது அந்தக் கிருமியைத் தாங்க உடம்புல ஆள் இல்லை. தட்டு நிறையப் போட்டு "சாப்பிடு சாப்பிடு"ன்னு நிக்காதீங்க. எலுமிச்சை அளவு உருண்டை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒன்னு. எல்லாம் இரும்பு மாதிரி ருசிக்குதுன்னா எவர்சில்வர் ஸ்பூனை மாத்திப் பாருங்க.

கூடவே ஒன்னு. முள்சீத்தா இலை, கோதுமைப்புல் சாறுன்னு யாராவது கொண்டு வந்தா, டாக்டர்கிட்ட காட்டாம அம்மா வாயில ஊத்தாதீங்க. அன்போடதான் கொண்டு வர்றாங்க, ஆனா மருந்தோட சேர்ந்து ஈரலையும் கிட்னியையும் என்ன பண்ணும்னு கொண்டு வந்தவங்களுக்குத் தெரியாது.

பர்கூர்: பாக்க வர்ற சொந்தக்காரங்க, "எங்க நாத்தனாருக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டா"ன்னு அம்மா காதுபடவே பேசுறாங்க. விரட்டவும் முடியலை.

நம்ம ஊர்ல புளிக்குப் பஞ்சமா? நான் செஞ்சது இதுதான். வந்தவங்க உக்காந்ததும் ஒரு முறம் புளியை முன்னாடி வச்சு, "அத்தை, அம்மாவுக்கு முடியலை, கொஞ்சம் கொட்டை எடுத்துக் கொடுங்க"ன்னு கேட்டேன். கையில வேலை வந்ததும் பேச்சு தானா புளி விலைக்கும், யார் மரம் எப்படிக் காய்ச்சதுக்கும் போயிடும். அம்மாவும் கட்டில்ல இருந்தே "நார் விடாத"ன்னு அதட்டுவாங்க. அந்த அதட்டல் வீட்டுக்குத் திரும்பி வந்ததுல எங்களுக்கு எவ்வளவு தெம்பு! சளி, இருமலோட வர்றவங்களை மட்டும் வாசலோட அனுப்பிடுங்க, அதுல தாட்சண்யம் வேண்டாம்.

ஊத்தங்கரை: செலவுக்கு வழி சொல்லுங்க.

குடும்பத்தோட ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல சேரலாம், வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும். வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்குப் போங்க. வெளியூர்ல பாக்கறவங்களுக்கு ரயில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில ரயில்வே படிவத்துல சான்று வாங்கிட்டா, ஸ்லீப்பர்ல நோயாளிக்கு டிக்கெட்டே கிடையாது, துணைக்குப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம் குறையும். சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு மொரப்பூர் ஸ்டேஷன் இருக்கு, பெங்களூர் கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு தர்மபுரியிலயே ரயில் ஏறலாம்.

ஓசூர்: குணமாக்க முடியாது, வலி இல்லாம வச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மார்பின்னு வலி மருந்து எழுதியிருக்கார். இனி எந்த நம்பிக்கையை அம்மாவுக்குச் சொல்றது?

தம்பி, படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. மார்பின் கொடுத்தா நாளைக்கே முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. வலி அடங்கினா அம்மா தூங்குவாங்க, பேரனை மடியில வச்சுக்குவாங்க. நேரம் தவறாம கொடுங்க, வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. மலச்சிக்கல் வரும், அதுக்கு மருந்தும் சேர்த்தே கேட்டு வாங்குங்க.

"எல்லாம் சரியாயிடும்"னு மட்டும் சொல்லாதீங்க, அந்தப் பொய் அம்மாவைத் தனியாக்கிடும். "இந்த வாரம் என்னம்மா ஆசை?"ன்னு கேளுங்க. எங்க வார்டில் ஒரு அம்மா, தன் காட்டு மரத்துல முதல் மாங்காய் பறிக்கறதைப் பாக்கணும்னாங்க. மகன் கட்டிலோட தூக்கிட்டுப் போய் மரத்தடியில போட்டார்.

பாலக்கோடு: எங்க அம்மா இயல்பாவே சிரிக்காதவங்க. இப்ப பேச்சும் நின்னு போச்சு. நான் என்ன பண்ணட்டும் அக்கா?

சிரிக்க வைக்கப் போகாதீங்க, பக்கத்துல இருங்க. ரெண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், பேச்சு எதுவும் திரும்பலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, மனச்சோர்வுக்கும் மருந்து இருக்கு. என் அம்மாவும் நாலாவது சைக்கிளுக்குப் பிறகு ஒன்பது நாள் சுவரைப் பாத்துப் படுத்துட்டாங்க. நான் கட்டில் காலோரம் உக்காந்து அவரைக்காய் உரிச்சேன், ஒன்னும் பேசலை. பத்தாம் நாள் சாயங்காலம், திரும்பாமலே கேட்டாங்க: "மண்டியில இன்னைக்குத் தக்காளி பெட்டி என்ன வெலைக்குப் போச்சு?"