நான்கு வெள்ளைத் தூளும் கரைந்துவிட்டால்?

கேள்வி: எட்டாம் வகுப்பில் கல் உப்பு, சர்க்கரை, ஆப்பச் சோடா, படிகாரம் நான்கையும் பொடித்து, பெயர் ஒட்டாத புட்டிகளில் கொடுத்தேன். கரைதிறனை வைத்து எது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கியதும் நான்குமே கரைந்துவிட்டன. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, தேனி

பதில்: சிட்டிகை அளவுக்கு எல்லாமே கரையத்தான் செய்யும். தண்ணீரையும் தூளையும் அளந்து போட்டு, எது எங்கே தெவிட்டுகிறது, அதாவது எந்த அளவுக்கு மேல் கரையாமல் நிற்கிறது என்று பார்க்கவிடுங்கள். அறை வெப்பநிலையில் 100 மி.லி. தண்ணீரில் உப்பு சுமார் 36 கிராம் கரையும். சர்க்கரை 200 கிராம். ஆப்பச் சோடா 10 கிராம்தான். படிகாரமும் சோடாவை ஒட்டியே வரும், வெயில் நாளில் கொஞ்சம் கூடும்.

ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு சோதனைக்குழாயிலும் 5 மி.லி. தண்ணீர் விடுங்கள். 1.5 கிராம் தூள் போட்டு, ரப்பர் மூடியால் அடைத்து இரண்டு நிமிடம் குலுக்கட்டும். உப்பும் சர்க்கரையும் முழுக்கக் கரையும். சோடாவும் படிகாரமும் அடியில் தங்கும். கரைந்த இரண்டு குழாய்களில் மட்டும் இன்னொரு 1.5 கிராம். இப்போது அடியில் வெள்ளையாக நிற்பது உப்பு. சர்க்கரை அதையும் வாங்கிக்கொள்ளும். 10 மி.லி. தண்ணீர் வேண்டாம். அதில் சர்க்கரையைத் தெவிட்ட வைக்கப் பார்க்கும் பிள்ளைக்கு 20 கிராம் தேவைப்படும், குழாய் வழிந்துவிடும்.

மீதி இரண்டையும் தண்ணீரின் அளவு பிரித்துக் காட்டாது, சூடுதான் காட்டும். மூடியைக் கழற்றிவிட்டு 60 டிகிரி வெந்நீரில் குழாய்களை நிறுத்துங்கள். (சோடாக் குழாயை மூடி வைத்துச் சூடாக்கவே கூடாது, வாயு மூடியைத் தூக்கி எறியும்.) படிகாரம் முழுக்கக் கரைந்து, ஆறியதும் மீண்டும் பளபளவென்று படிகமாக வரும். சோடாவில் அடியில் தூள் மிச்சமிருக்க, பொடிப்பொடியாகக் குமிழ் ஏறும். சந்தேகம் தீர வேறொரு துளித் தூளில் எலுமிச்சைச் சாறு விட்டால் சோடா நுரைக்கும், படிகாரம் நுரைக்காது.

முடிவு தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். கரண்டிக் கணக்கு ஒன்று: ஒரே டீஸ்பூனில் உப்பு சர்க்கரையைவிட அதிக எடை பிடிக்கும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கிவிடுவது நல்லது. இன்னொன்று அவசரம். பெரிய பரல் சர்க்கரை மெதுவாகக் கரைவதைப் பார்த்துவிட்டு, "கரையவில்லை" என்று எழுதிவிடுவார்கள். நான்கையும் ஒரே மாதிரி நைசாகப் பொடித்துக் கொடுங்கள். பாக்கெட் தூள் உப்பில் கட்டிதட்டாமலிருக்கச் சேர்ப்பது கரைசலைக் கலங்க வைக்கும்; கல் உப்பு எடுத்தது சரியான முடிவு.

கேள்வி: மைதாவும் சாக்பீஸ் தூளும் தண்ணீரைப் பால் போலாக்குகின்றன. பிள்ளைகள் "கரைந்தது" என்கிறார்கள்.
– ஆசிரியர், அரியலூர்

பதில்: கரைசல் என்றால் குழாய்க்குப் பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் படிவதையும் பார்ப்பார்கள். மைதாவை அயோடின் துளி கருநீலமாக்கும். சாக்பீஸ் எலுமிச்சைச் சாற்றில் நுரைக்காவிட்டால் குழம்ப வேண்டாம், பல சாக்பீஸ்கள் ஜிப்சத்தால் ஆனவை. நுரை காட்ட வேண்டுமென்றால் பொடித்த முட்டை ஓடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தூளையும் நாக்கில் வைத்துப் பார்க்க விடாதீர்கள், சர்க்கரை என்று உறுதியாகத் தெரிந்தாலும்.