டவருக்கும் தூக்கம் வேண்டும்

கேள்வி: எங்கள் வீட்டைச் சுற்றி நாலு செல்போன் டவர். போதாததற்கு விளக்குக் கம்பங்களில் சின்னப் பெட்டிகள் வேறு மாட்டுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாருமே பேசாதபோதும் இதெல்லாம் கரண்ட் இழுக்குமா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: இழுக்கும். ஒரு செல்போன் நிறுவனத்தின் நெட்வொர்க் செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு டவர்களுக்குத்தான் போகிறது, அதிலும் சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபையர்தான் பெரிய தீனிக்காரர். 4ஜியில் என்ன தொல்லை என்றால், கேட்க ஆளே இல்லாவிட்டாலும் டவர் ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று ஒவ்வொரு மில்லி விநாடியும் அடையாள சிக்னல் அனுப்பியே ஆகவேண்டும். கண்ணயர நேரம் ஏது? 5ஜியில் இதைத் திருத்தினார்கள். அந்தக் குரலை வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை கொடுத்தால் போதும், 160 வரைகூட நீட்டலாம். நடுவில் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடலாம், அதற்கு அந்த நேரமே தாராளம்.

சரி, சின்னப் பெட்டிகள் எதற்கு? அவையும் குட்டி டவர்கள்தான். ரேடியோ அலை தடையில்லாத வெளியில் இரண்டு மடங்கு தூரம் போனால் கால்வாசியாகிவிடும், கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். பக்கத்திலேயே ஒரு பெட்டி இருந்தால் சில வாட்டிலேயே வேலை முடியும். உங்கள் போனும் கத்திப் பேச வேண்டாம், அதன் பேட்டரியும் கொஞ்சம் தாங்கும். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் சும்மா இருக்கவே கொஞ்சம் மின்சாரம் கேட்கும். நூறு பெட்டியை இருபத்துநாலு மணி நேரமும் விழிக்க வைத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். ரங்கநாதன் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள்: பகல் கூட்டத்துக்குப் பெட்டிகள் இல்லாமல் முடியாது, கடை அடைத்த பிறகு பக்கத்துப் பெரிய டவர் ஒன்றே காவலுக்குப் போதும். அப்புறம் கூட்டம் சேரும்போது அந்த டவரே பெட்டிகளை எழுப்பலாம். நிறுவனங்கள் இதைத் தயங்கித் தயங்கித்தான் செய்கின்றன, ஒரு கால் கட் ஆனாலும் திட்டு விழுமே!

எனக்கு உறுத்துவது வேறு. நம் ஊரில் ஒரே டவர் கம்பத்தை இரண்டு மூன்று நிறுவனங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, சிக்னல் அனுப்பும் ரேடியோ கருவி மட்டும் பெரும்பாலும் அவரவர்க்குத் தனித்தனி. நடு ராத்திரியில் ஒருவர் முறைபோட்டு விழித்திருக்க, மற்றவர்கள் அணைத்துவிட்டுத் தூங்கலாம். தொழில்நுட்பம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை, போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற கணக்குதான் நிற்கிறது.