அந்த இரண்டரை நொடியைப் பாருங்கள்

ஏப்ரல் நெருங்கினாலே, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை வந்ததில் பெரும்பாலும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பற்றித்தான். பொதுவாகப் பலருக்கும் பயன்படுகிற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டிவியில் ஆளுக்கொரு பட்டியல் வாசிக்கிறார்கள். சனிக்கிழமை கல்லூரி ஆட்டம் பார்க்கிற என்னைப் போன்றவர்கள் ஒரு குவார்ட்டர்பேக்கிடம் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், நியூ ஜெர்சி

பதில்: முதலில் ஹைலைட்ஸ் பார்ப்பதை நிறுத்துங்கள். அறுபது யார்டு பறக்கிற பந்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வரும், ஆனால் அப்படி ஒரு பாஸ் ஒரு ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கிற நான்கு வாய்ப்பில் மூன்றாவது), இன்னும் எட்டு யார்டு வேண்டும், அவனைக் காக்க முன்னால் நிற்கிற லைன் உடைந்து ஒரு ஆள் பாய்ந்து வருகிறான்: அந்த இரண்டரை நொடியில் பையனின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். கண் பாஸைப் பிடிக்க ஓடுகிற ரிசீவர்கள் மேலேயே இருந்து, கால் மட்டும் அரை அடி நகர்ந்து இடம் பண்ணிக்கொண்டால் அவனைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். பாய்ந்து வருகிறவனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்றால் எனக்குக் கவலை.

அப்புறம், முதலில் பார்த்த ரிசீவருக்கு வழி அடைபட்டதும் என்ன செய்கிறான் என்பது. கல்லூரியில் நிறைய அணிகள் ஒரே ஒரு ஆளைப் பார்த்து எறியும்படியே ஆட்டத்தை அமைத்துக் கொடுத்துவிடுகின்றன. மைதானமும் உதவுகிறது. பந்தை வைக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் பெரிய வெட்டவெளி கிடைத்துக்கொண்டே இருக்கும், அங்கே ரிசீவர் தனியாக ஓடுவான், அவனுக்கு எறிவது பெரிய விஷயமில்லை. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்புகிறதா என்று பாருங்கள், அதைத்தான் மேலே, என்எஃப்எல்லுக்குப் போனால் தினமும் கேட்பார்கள்.

இன்னொன்று, சாக், அதாவது எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்திவிடுவது. சாக் வாங்கினால் லைன்மேன்களைத் திட்டுகிறோம், அது பாதிதான் சரி. பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிற பழக்கம் கல்லூரியில் இருந்தால் பெரும்பாலும் கூடவே வரும்.

கேள்வி: 2018 டிராஃப்ட்டில் இத்தனை நிபுணர்கள் பார்த்தும் ஜாஷ் ரோசனை நம்பி, லமார் ஜாக்சனை முதல் சுற்றின் கடைசி வரை விட்டார்கள். அப்படியென்றால் இந்த மதிப்பீடு எல்லாம் எதற்கு?
- வாசகர், ஆஸ்டின்

பதில்: இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் பார்க்கிற வருடம் அது. முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள். பேக்கர் மேஃபீல்டு முதலிடம், சாம் டார்னல்டு மூன்று, ஜாஷ் ஆலன் ஏழு, ரோசன் பத்து, ஜாக்சன் முப்பத்திரண்டு. எறிகிற அழகை மட்டும் பார்த்தால் ரோசன்தான் எல்லோரையும்விடத் தேர்ந்தவர் என்று அப்போது பலர் சொன்னார்கள், அதில் பெரிய தப்பில்லை. ஆனால் அரிசோனா ஒரே வருடத்தில் கோச்சை மாற்றியது, அடுத்த டிராஃப்ட்டில் கைலர் மர்ரியை முதலிடத்தில் எடுத்துவிட்டு ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டது. ஒரு 22 வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆலனைப் பாருங்கள். வயோமிங்கில் அவர் எறிந்த பாஸ்களில் போய்ச் சேர்ந்தது 56 சதவீதம்தான். பஃபலோவில் முதல் வருடம் 52.8, அடுத்த வருடம் 58.8. அந்த நிலையில் பல அணிகள் கைவிட்டிருக்கும். பஃபலோ கைவிடவில்லை, கோச் பிரையன் டேபால் நான்கு வருடம் அவருக்கான ஆட்டத்தை அமைத்துக் கொடுத்தார், 2020இல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸைக் கொண்டுவந்தார்கள், அந்த வருடம் 69.2. பிறகு 2024இல் எம்விபி, அதாவது லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. ஜாக்சனை ரிசீவராக ஆடச் சொன்னவர்கள்கூட உண்டு. பால்டிமோர் அவர் காலுக்கும் கைக்கும் ஏற்றபடி முழு ஆட்டத்தையும் மாற்றியது, 2019இல் 36 டச்டவுன் பாஸ்கள் (எதிரணிக் கோட்டுக்குள் போய்ச் சேர்ந்து புள்ளி வாங்கித் தந்தவை), 1,206 யார்டு ஓட்டம், ஒரு ஓட்டுகூட வேறு யாருக்கும் போகாத எம்விபி. மேஃபீல்டும் டார்னல்டும் தங்களை எடுத்த அணியில் நிலைக்கவில்லை, நாலு இடம் அலைந்தார்கள். 2024இல் டாம்பா பேயில் மேஃபீல்டு 41 டச்டவுன் எறிந்தார், மினசோட்டாவில் டார்னல்டு 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார்.

ஆக, பையனை மட்டும் எடைபோட்டுவிட்டு அவன் போய்ச் சேருகிற இடத்தை எடைபோடாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கோச் எத்தனை வருடம் இருப்பார், லைன் எப்படி, எறிந்தால் பிடிக்க ஆள் இருக்கிறதா, இதையும் சேர்த்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆலனைக் காட்டி, கை பலம் இருந்து துல்லியம் இல்லாத ஒவ்வொரு பையனையும் அடுத்த ஆலன் என்று எடுப்பது பெரிய ஆபத்து. கல்லூரியில் பந்து குறி தவறுகிற பையன்களில் பெரும்பாலானவர்களுக்கு மேலேயும் குறி தவறத்தான் செய்கிறது. ஆலன் விதிவிலக்கு.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் குவார்ட்டர்பேக். அப்பா ஜாடை, ஐந்தடி பத்து அங்குலத்தைத் தாண்ட மாட்டான் போலிருக்கிறது. உயரம் இல்லாவிட்டால் மேலே போகவே முடியாதா?
- ஒரு அம்மா, டல்லாஸ்

பதில்: போக முடியும் அம்மா. கைலர் மர்ரியும் பிரைஸ் யங்கும் அதே உயரம்தான், 2019இலும் 2023இலும் இருவருமே டிராஃப்ட்டில் முதலிடத்தில் எடுக்கப்பட்டவர்கள். ஐந்தடி பதினோரு அங்குல ரஸல் வில்சன் 2012இல் மூன்றாவது சுற்றில்தான் வந்தார், இரண்டாவது சீசனிலேயே லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஜெயித்தார். உயரம் குறைந்தவன் லைன்மேன்களுக்கு இடையே உள்ள சந்து வழியாகப் பார்த்து எறியப் பழக வேண்டும், அதற்குக் கால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும், அது பயிற்சியில் வரும். நெஞ்சு பொறுக்காமல் ஒன்று மட்டும் சொல்கிறேன், பள்ளி வயதில் அவன் எடையை ஏற்றச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் விடாதீர்கள்.

கேள்வி: கை அளவு, மூளைச் சோதனை இதெல்லாம் உண்மையிலேயே பயன்படுமா?
- வாசகர், சான் ஹோசே

பதில்: கொஞ்சம்கூட இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிகக் கொஞ்சம். ஜோ பரோவின் கை ஒன்பது அங்குலம்தான், சிறியது என்று 2020இல் எத்தனை பேச்சு! 2023இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் ஒரு சோதனையில் மிகக் குறைவாக வாங்கினார் என்ற செய்தி கசிந்தது. அதே வருடம் ஹூஸ்டனில் 4,108 யார்டு, 23 டச்டவுன், ஐந்தே இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்). அவர் கல்லூரி ஆட்டங்களின் டேப்பைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமே இல்லை.

கேள்வி: ஒரே ஒரு வருடம் பிரமாதமாக ஆடியவனை எடுக்கலாமா, நான்கு வருடம் சுமாராக ஆடியவனை எடுக்கலாமா? எடுத்தபின் உடனே இறக்குவதா, உட்கார வைப்பதா?
- வாசகர், சிகாகோ

பதில்: நான் நிறைய ஆட்டம் ஆடியவன் பக்கம். டிரே லான்ஸ் வடக்கு டகோட்டா ஸ்டேட்டில் 2019இல் 28 டச்டவுன் எறிந்து ஒரு இன்டர்செப்ஷன்கூடக் கொடுக்கவில்லை, ஆனால் மொத்தக் கல்லூரி வாழ்க்கையிலும் எறிந்தது 318 பாஸ்தான். 2021இல் அவருக்காக சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்தது. கடைசியில் அங்கே இடம்பிடித்தவர் அயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடி, 2022இல் 262ஆவது ஆளாக, அதாவது டிராஃப்ட்டின் கடைசிப் பெயராக வந்த பிராக் பர்டி. ஒரு வருட அதிசயம் பரோவுக்குப் பலித்தது என்பதும் உண்மை, 2019இல் 60 டச்டவுன். ஆனால் அதற்கு முந்தைய வருடமும் அவர் முழு சீசன் ஆடியிருந்தார், அதை மறந்துவிடுகிறோம்.

உட்கார வைப்பது பற்றி: லைன் பலவீனமாக இருந்தால் கட்டாயம் உட்கார வைக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் அணி 2002இல் டேவிட் காரை முதல் ஆட்டத்திலிருந்தே இறக்கியது, அந்த ஒரே சீசனில் 76 சாக் வாங்கினார், எதிர்பார்த்த உயரத்தை அவர் தொடவே இல்லை. கான்சஸ் சிட்டி 2017இல் வேறு அணியோடு இடம் மாற்றிக்கொண்டு பத்தாவது இடத்துக்கு ஏறிவந்து பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது, ஆனாலும் முழு வருடமும் அனுபவசாலி குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் பின்னால்தான் நிறுத்தியது, சீசனின் கடைசி ஆட்டம் ஒன்றில் மட்டும் தொடக்கத்திலிருந்து ஆடினார். அடுத்த வருடம் 50 டச்டவுன்.