நியூக்ளியஸ் ஃபிராக்‌ஷனில் ட்யூபுலின் வருவது ஏன்? எல்லையோர ஆய்வகங்களின் கேள்விகளுக்குப் பதில்

ஹீலா செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்) நியூக்ளியஸைத் தனியே எடுத்தும், வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் சோதனை) நியூக்ளியஸுக்கு வெளியே இருக்க வேண்டிய ஆல்ஃபா ட்யூபுலின் புரதம் பளிச்சென்று தெரிகிறது. எங்கே தவறு? (பாலக்காடு)

பெரும்பாலும் செல்கள் சரியாக உடையவில்லை, அல்லது பெல்லெட்டை (சுழற்றியதும் ட்யூபின் அடியில் படிவது) கழுவவில்லை. செல் பெல்லெட்டின் பருமனைப் போல் ஐந்து மடங்கு குளிர்ந்த ஹைப்போடானிக் பஃபர் (செல்லை உப்பவைக்கும், உப்பு குறைந்த கரைசல்) ஊற்றுங்கள்: 10 மில்லிமோலார் ஹெப்பீஸ் (பிஹெச் 7.9), 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு. புரதத்தை வெட்டும் நொதிகளைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப்.-உம் இதில் வேண்டும், ஆனால் அது தண்ணீரில் சீக்கிரம் சிதையும். பஃபரை ஊற்றும் தறுவாயில்தான் அதைச் சேர்க்க வேண்டும்.

ஐஸில் 10 நிமிடம் வைத்துச் செல்கள் உப்பியதும், டவுன்ஸ் ஹோமோஜினைசரில் (செல்களை உடைக்கும் கண்ணாடிக் குழாய்) இறுக்கமான உலக்கையால் நுரை வராமல் 10 முறை இடியுங்கள். ஒரு சொட்டை, உடைந்த செல்லை மட்டும் நீலமாக்கும் ட்ரைபான் புளூ சாயத்துடன் கலந்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். பத்தில் ஒன்பது நீலமாகத் தெரிந்தால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். இத்தனை முறை இடி என்று புரோட்டோகாலில் போட்டிருப்பதை விட இந்தச் சொட்டைத்தான் நம்ப வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் 700 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 700 மடங்கு விசை) 5 நிமிடம் சுழற்றுங்கள். மேல் திரவத்தைக் கவிழ்த்துக் கொட்டாமல் பிப்பெட்டால் உறிஞ்சி, பெல்லெட்டை அதே பஃபரில் இரண்டு முறை கழுவுங்கள்.

நியூக்ளியஸ் பெல்லெட் கொழகொழவென்று ஆகிவிட்டது. (களியக்காவிளை)

நியூக்ளியஸ் உடைந்து டி.என்.ஏ. வெளியே வந்துவிட்டது. அதிகம் இடித்தது, டிடர்ஜென்ட் கூடியது, பஃபரில் மெக்னீசியம் இல்லாதது, இவற்றில் ஒன்றாக இருக்கும். டி.என்.ஏ.-வை வெட்டும் பென்சோனேஸ் நொதி போட்டால் கொழகொழப்பு போகும். ஆனால் அந்த வலைக்குள் சிக்கிய சைட்டோசால் (நியூக்ளியஸுக்கு வெளியே உள்ள செல் திரவம்) புரதம் போகாது. அந்த ட்யூபை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

இன்னொன்று: 420 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் எடுக்கும் நியூக்ளியர் எக்ஸ்ட்ராக்ட்டில் ஹிஸ்டோன் எச்3 (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதம்) தேடாதீர்கள். அது பெரும்பாலும் பெல்லெட்டிலேயே தங்கிவிடும். நியூக்ளியஸில் இருக்கும் இன்னொரு புரதமான எச்டிஏசி1 பார்ப்பது பொருத்தம்.

எங்களிடம் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் (மிக வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூஜ்) இல்லை. செல்களை உறையவைத்துக் கோவைக்குக் கொண்டுபோகலாமா? (கொழிஞ்சாம்பாறை)

வேண்டாம். ஐஸ் படிகங்கள் மைட்டோகாண்ட்ரியாவைக் கிழித்துவிடும். அதற்குள் இருக்கும் சைட்டோக்ரோம் சி புரதம் சைட்டோசாலுக்கு வந்து, நன்றாக இருந்த செல்லையே அப்பாப்டோசிஸ் (செல் தானே சாவது) என்று சொல்லவைக்கும்.

சவ்வைத் துளைக்கும் டிடர்ஜென்டான டிஜிடோனினைப் பயன்படுத்தும் முறைக்குச் சாதாரண மைக்ரோஃபியூஜ் போதும். வெளிச்சவ்வில் கொலஸ்ட்ரால் அதிகம் என்பதால் டிஜிடோனின் முதலில் அதைத்தான் துளைக்கும். மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராமில் தொடங்கி, 50, 100 என்று சிறு ட்யூப்களில் சோதியுங்கள். லாட்டுக்கு லாட் வீரியம் மாறும், எனவே பழைய அளவை அப்படியே பயன்படுத்த முடியாது. ஐஸில் 10 நிமிடம், பிறகு 2,000 ஜி: மேலே வருவது சைட்டோசால். மிச்சத்துக்கு 1 சதவீத என்.பி.-40 டிடர்ஜென்ட் கொடுத்தால் சவ்வுப் புரதங்கள் கரையும். ஈ.ஆர். (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்), மைட்டோகாண்ட்ரியா, வெளிச்சவ்வு மூன்றும் இதில் கலந்தேதான் வரும். தனித்தனியாக வேண்டுமென்றால் இந்த முறை உதவாது.

3,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று சீனியர் எழுதிய குறிப்பு போதுமா? (செங்கோட்டை)

போதாது. ரோட்டரின் ஆரம் 8.4 செ.மீ. என்றால் அது சுமார் 845 ஜி, 17 செ.மீ. என்றால் 1,710 ஜி. 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்.பி.எம்.-இன் வர்க்கம் என்று கணக்குப் போட்டு, நோட்டில் ஜி-யையே எழுதுங்கள்.