கல் அடாரும் சிறு பொறியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட அமெரிக்கப் பழங்குடியினர் சில குச்சிகளையும் ஒரு தட்டைக் கல்லையும் கொண்டு எலி, அணில் போன்ற சிற்றுயிர்களைப் பிடித்த முறையைக் காணொளிகளில் பார்த்தேன். சங்கப் பாடல்களில் வரும் கல் அடார் என்ற கல்பொறியும் இதே வகைதானா? விரைவில் நண்பர்களுடன் மலையேற்றம் செல்கிறேன். அங்கே ஒன்றை அமைத்துப் பார்க்க ஆசை. கல் எவ்வளவு எடை இருக்க வேண்டும், அதை எப்படி நிறுத்த வேண்டும் என்று எழுத முடியுமா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் ஒரே இனம்தான். சாய்த்து நிறுத்திய கல், அதைத் தாங்கும் மெல்லிய முட்டு, இரையைத் தொட்டதும் முட்டு விலகும் ஏற்பாடு ஆகியவை இரண்டுக்கும் பொது. நீங்கள் கல்லின் எடையைத்தான் முதலில் கேட்கிறீர்கள். பிடிக்க நினைக்கும் விலங்கைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் இந்தப் பொறியின் அறிவெல்லாம் குச்சிகளில் செதுக்கும் வெட்டுகளில் இருக்கிறது.

பரவலாக அறியப்பட்டது நான்கு என்ற எண்ணின் வடிவில் அமையும் பொறி. நிமிர்ந்த குச்சியின் தலை உளி முனைபோலச் சீவப்பட்டிருக்கும். சாய்ந்த குச்சி தன் நடுவெட்டினால் அந்த முனையின்மீது அமர்ந்து, மேல்நுனியில் கல்லைத் தாங்கும். கிடைக்குச்சியின் ஒரு முனையில் இரை இருக்கும். மறுமுனையிலுள்ள வெட்டு சாய்ந்த குச்சியின் கீழ்நுனியைப் பிடித்துக்கொள்ள, நடுவிலுள்ள இன்னொரு வெட்டு நிமிர்ந்த குச்சியின் விளிம்பில் மாட்டியிருக்கும். கல் அழுத்த அழுத்த சாய்ந்த குச்சி வெளிப்பக்கமாகத் திமிறும். அந்தத் திமிறலே மூன்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. இரைக்குச்சி சற்று அசைந்தால் பிடி விட்டு, மூன்றும் தெறித்து, கல் விழுகிறது.

நெவாடா, யூட்டாவை உள்ளடக்கிய வறண்ட நிலத்தில் வாழும் பையூட் மக்களின் பெயரால் வழங்கும் பொறி இதைவிட நுட்பமானது. சாய்ந்த குச்சியின் கீழ்நுனியில் ஒரு நாரிழையைக் கட்டி, அதன் மறுமுனையிலுள்ள சிறு கட்டையை நிமிர்ந்த குச்சியைச் சுற்றி வளைத்து, அந்தக் கட்டைக்கும் கல்லின் அடிப்பக்கத்துக்கும் இடையே ஒரு மெல்லிய ஈர்க்குச்சியை முட்டுக் கொடுக்கிறார்கள். எலியின் மூக்கு பட்டாலே விழும். ஆனால் அந்நிலத்து மக்கள் இதை மட்டும் நம்பி வாழவில்லை. பைன் கொட்டைகளைச் சேமித்தார்கள். நாரில் முடைந்த நீண்ட வலைகளை விரித்து, ஊரே கூடி முயல்களை விரட்டிப் பிடித்தார்கள். கல் பொறி எலிக்கும் தரை அணிலுக்குமான துணை ஏற்பாடு. ஒன்றல்ல, பலவற்றை எலிகளின் தடங்களை ஒட்டி வைத்தால்தான் ஓரளவு உணவு கிடைக்கும். ஆகவே காட்டில் வழிதவறியவரின் பசியை ஒரு பொறி தீர்த்துவிடும் என்று காணொளிகள் காட்டுவதை நம்பாதீர்கள். அவருக்கு முதலில் வேண்டியவை தண்ணீரும் ஒதுங்க இடமும்.

நம் பாடல்களுக்கு வருகிறேன். புறநானூற்றின் 19ஆம் பாடலில் புலிக்கென்றே மாட்டிய பெருங்கல் அடார் உவமையாக வருகிறது. என்னை அதிகம் பாதித்தது நற்றிணையின் 119ஆம் பாடல். தினையைத் தின்னும் பன்றிக்காகப் புனவன், அதாவது தினைப்புனத்துக்கு உரியவன், ‘சிறுபொறி மாட்டிய பெருங்கல் அடாஅர்’ வைக்கிறான். அதில் அகப்படுவது புலி. மலைபடுகடாமோ பன்றிக்கு அஞ்சி, அது நுழையும் புழைதோறும் (குறுகிய வழிதோறும்) இத்தகைய பொறிகள் மாட்டப்பட்டிருப்பதைச் சொல்லி, இருளில் நடக்காமல் விடியும்வரை தங்கிச் செல்லுங்கள் என்று வழிப்போக்கர்களை எச்சரிக்கிறது. வைத்தவன் யாரை நினைத்து வைத்தான் என்பது கல்லுக்குத் தெரியாது என்பதை மலைநிலத்து மக்கள் அப்போதே அறிந்திருந்தார்கள்.

இதனால்தான் மலையேற்றத்தில் இதை அமைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறி வைப்பதையும் இரை காட்டி ஈர்ப்பதையும், அவற்றுக்கான முயற்சியையும்கூட வேட்டை என்றே வரையறுக்கிறது. விளையாட்டாகச் செய்தேன் என்ற விளக்கம் வனச்சரகரிடம் செல்லாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடியில் தட்டைக் கல் பதிக்காமல் மென்மண்ணில் வைத்தால், மேலே விழும் கல் உயிரைப் போக்காமல் இடுப்பை மட்டும் நசுக்கும். நீங்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கிய பிறகும் அந்த விலங்கு அங்கே துடித்துக்கொண்டிருக்கும். உண்ணும் தேவையும் இல்லாதபோது அந்த வதைக்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

கைத்திறனைக் கற்கும் ஆசையை நான் குறை சொல்லவில்லை, வீட்டிலேயே கற்கலாம். உலர்ந்த, நேரான குச்சிகளை எடுங்கள். கல்லுக்குப் பதிலாக இலேசான பலகையைச் சாய்த்து வையுங்கள், இரை வேண்டாம். விரலை அடியில் நீட்டாமல் ஒரு நீண்ட ஈர்க்கினால் தொட்டுப் பாருங்கள். தொட்டும் விழாவிட்டால் வெட்டுகள் ஆழமாகிவிட்டன, அவற்றின் விளிம்பை மழுக்கவேண்டும். தொடுவதற்கு முன்பே விழுந்தால் நிமிர்ந்த குச்சியின் உளிமுனை வட்டமாகியிருக்கும், மீண்டும் சீவிக் கூராக்குங்கள்.

அன்புடன்