வேதாகமத்தில் உள்ளதை இன்றும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா?

எல்லாவற்றையும் அப்படி எடுக்க முடியாது. எந்த வகை எழுத்து, யாருக்கு எழுதியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே வயலில் இரண்டு வகை விதைகளைக் கலந்து விதைக்காதே என்கிறது லேவியராகமம் 19:19. எங்கள் பாலக்கோடு பக்கம் மானாவாரிக் கொல்லையில் கேழ்வரகு விதைத்தால் இடையிடையே சால் விட்டு அவரையோ துவரையோ போடுவது வழக்கம். மழை ஏமாற்றி ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களும் இப்படித்தான் விதைக்கிறார்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. அது இஸ்ரவேலருக்குத் தந்த சட்டம். பிற இனத்து விசுவாசிகள் மேல் மோசேயின் சட்டத்தைச் சுமத்த வேண்டாம், சிலவற்றை மட்டும் விலக்கினால் போதும் என்று எருசலேமில் கூடிப் பேசி முடிவெடுத்தது அப்போஸ்தலர் 15-இல் இருக்கிறது.

ஆதியாகமத்தில் வெளிச்சம் முதல் நாள், சூரியன் நான்காம் நாள். சூரியன் இல்லாமல் மூன்று நாள் எப்படி என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்டுவிட்டார். அந்த நாட்களை உருவகமாகப் பார்ப்பது அறிவியலுக்குப் பயந்து இன்று கண்டுபிடித்த விளக்கம் இல்லை.

சரி, அப்படியானால் எல்லாமே உருவகமா? அதுவும் இல்லை. கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். நடந்த செய்தியாகவே அதைச் சொல்கிறார்.

எனக்கு உண்மையான கவலை வேறு. வசனத்தைக் காட்டி யாராவது சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று 1 தீமோத்தேயு 5:23-லேயே இருக்கிறது; நோய்க்கு மருந்து எடுப்பதை வேதாகமம் தடுக்கவில்லை.