ஃபவுண்டன்ஸ் மடாலயம்: முற்றத்திலிருந்து தொடங்குங்கள்

வேறொரு மடாலயத்தில் இடிந்த சுவர்களைத் தவிர எதுவும் புரியவில்லை, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஃபவுண்டன்ஸிலும் அப்படி ஆகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. தேவாலயத்துக்குள் உடனே போய்விடாமல், அதன் தெற்கே உள்ள சதுர முற்றத்தில் நில்லுங்கள். சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவைச் சேர்ந்த துறவிகளின் வாழ்க்கை அதைச் சுற்றித்தான் நடந்தது. கிழக்கே அவர்கள் கூடிப் பேசிய மண்டபம், தெற்கே உணவுக்கூடமும் பெரிய கணப்படுப்புகளோடு குளிர்காயும் அறையும். மேற்கே சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு வளைவுக் கூரையோடு ஒரு கூடம் அப்படியே நிற்கிறது. அங்கே அவசரப்படாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. 1132இல் தொடங்கிய மடம் 1539இல் மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடப்பட்டது. கூரையை மூடியிருந்த ஈயத் தகடுகளைக்கூட உரித்து எடுத்தார்கள். தேவாலயத்துக்குள் நின்றால் வானம் தெரிவது அதனால்தான். அப்புறம், நல்ல பிடிப்புள்ள காலணி போடுங்கள், மழை பெய்திருந்தால் புல் வழுக்கும்.